மாட்டுச் சந்தையில் ஒரு கூறைப் பாவு

மாட்டுச் சந்தையில் மாடு இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இன்று இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கதர்த் தொண்டர் என்று நெஞ்சில் துணிப்பட்டை குத்திக்கொண்டு நின்ற அத்தனை பேரும் நாலெழுத்துப் படித்தவர்கள்தாம். வெண்ணந்தூரிலிருந்து வந்திருந்த நெசவுக்காரர் பிறந்ததிலிருந்து நூலோடு கிடந்தவர்தாம். ஆனாலும் தோன்றவில்லை.

முப்பதுகளின் தொடக்கம் அது. உப்புக்காக உள்ளே போனவர்கள் வெளியே வந்து, கை சும்மா இருக்கக் கூடாது என்று கதரைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் நிலம் இருந்தது. நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார், தேசத்தை அப்பா பார்த்துக்கொண்டார். பங்குனித் தேரை ஒட்டி ராசிபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் பெரிய மாட்டுச் சந்தை கூடும். அங்கே பந்தல் போட்டு, பஞ்சு எப்படித் துணியாகிறது என்று ஜனங்களுக்கு நேரில் செய்து காட்டுவதென்று கமிட்டியில் முடிவு செய்தார்கள். அப்பா கமிட்டியில் இருந்ததால் நான் தொண்டரானேன். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வற்றிக் கிடந்த ஏரிக்குள் தென்னங்கீற்றுப் பந்தல். ஒரு மூலையில் பஞ்சிலிருந்து கொட்டை எடுப்பார்கள், அதற்கு அடுத்து வில்லால் பஞ்சடிப்பார்கள், நடுவில் பலகை போட்டு நானும் வேறு சில பெண்களும் ராட்டையோடு உட்கார்ந்திருப்போம். கடைசியில் குழி தோண்டி ஒரு தறி. ஒரு தொண்டர் தகரக் குழலை வாயில் வைத்துக்கொண்டு விளக்கம் சொல்வார். அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. பக்கத்துக் கடையில் மாட்டுச் சலங்கை விற்றார்கள்.

பந்தலுக்குள் வந்தவர்களில் பாதிப் பேர் எங்களைக் கயிற்றுக் கடை என்று நினைத்தார்கள்.

"ஏனம்மிணி, இதுல மூக்கணாங்கவுறு திரிப்பீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லைங்க, இது துணிக்கு நூல் நூக்கறதுங்க."

"பின்ன எதுக்கு மாட்டுச் சந்தைல வந்து உக்காந்துட்டிருக்கறீங்க?"

இன்னொருவர், நல்ல தொந்தியும் தொப்பையுமாக, என் எதிரில் குந்திக்கொண்டு நெடுநேரம் ராட்டையைப் பார்த்தார். "இப்படிச் சுத்துனா எந்தக் காலத்துக்கு ஒரு கோமணம் தேறும்?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிலும் பார்த்துச் சிரித்தார். "ஆளைப் பொறுத்துங்க. உங்களுக்குன்னா கொஞ்சம் நாளாகும்," என்றேன். கூட்டம் ஓவென்று சிரித்தது. அப்பா தூரத்திலிருந்து என்னை முறைத்தார். கல்யாணம் நிச்சயமான பெண் நாலு பேர் முன்னால் இப்படி வாயாடலாமா என்பது அந்த முறைப்பின் அர்த்தம். நாலு பேர் முன்னால் உட்கார வைத்தது யார் என்று நானும் முறைத்தேன்.

எனக்கு ராட்டை பிடிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதுகு வலிக்கும். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறித் தும்மல் வரும். ஆனால் ஒரு பொதுக்கூட்டத்தில் அப்பா என்னை மேடையேற்றி, இனி கதரைத் தவிர வேறு துணி உடுத்த மாட்டேன் என்று சொல்ல வைத்திருந்தார். மேடையில் சொன்னவர்கள் பலர். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல இருந்தார்கள். எனக்கு அப்படி இருக்க வரவில்லை. சொன்னால் சொன்னதுதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, இந்தச் சுபாவத்தால் நான் பட்டது கொஞ்சமில்லை.

மாப்பிள்ளை வீடு திருச்செங்கோட்டுப் பக்கம். தாலி கட்டும்போது பெண் உடுத்தும் கூறைச் சேலையை மாப்பிள்ளை வீட்டார்தான் எடுத்துத் தர வேண்டும். மூத்த மருமகளுக்குச் சேலத்தில் நல்ல பட்டாக எடுக்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா ஆசையாக இருந்தார். கதர்க் கூறையானால் உட்காருகிறேன், இல்லாவிட்டால் மணவறையே வேண்டாம் என்று நான் மாமா மூலம் சொல்லியனுப்பினேன். அந்த வீட்டில் என்ன ரகளை நடந்ததோ, ஒரு வழியாகச் சம்மதம் வந்தது. நூல் நான் நூற்க வேண்டும். சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும். பாவு போடும் அன்று மாப்பிள்ளை வீட்டார் வந்து பொட்டு வைப்பார்கள். கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்லியிருந்தார்கள்: கூறைப் பாவு அறுபடக் கூடாது. அறுபட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஆகாது.

நெசவுக்காரரிடம் பயந்துகொண்டே கேட்டேன். "ஒண்ணு ரெண்டு இழை தெனமும் அறுமுங்க அம்மிணி, அதெல்லாம் கணக்குலயே சேராது. கொத்தா அறுந்தாத்தான் அறுந்தது. என்ற கையில அப்படி அறுந்ததில்ல," என்றார். நான் தைரியமானேன்.

அப்பாவுக்கு அப்போதுதான் அந்த யோசனை தோன்றியது. அப்பாவுக்கு யோசனை தோன்றினால் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவார். மகளின் கூறையை அந்தச் சந்தையிலேயே, ஊர் உலகம் பார்க்க நெய்தால் என்ன என்றார் அப்பா. கமிட்டியில் எல்லோரும் கை தட்டினார்கள்.

பாவு என்பது துணியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் ஏற்றும்முன் அதை வெட்டவெளியில் மூங்கில் கால்களின் மேல் நீட்டிக் கட்டி, கஞ்சி தடவி, பெரிய பிரஷ்ஷால் சீவிச் சீவிக் காய வைப்பார்கள். அப்போதுதான் இழை விறைத்து, தறியில் தேய்ந்து அறுபடாமல் நிற்கும். வெண்ணந்தூரில் இதற்குத் தெரு உண்டு. சந்தையிலோ எங்கள் பந்தலுக்குப் பக்கத்தில் நேராக, நீளமாக ஓர் இடம் காலியாகக் கிடந்தது. வண்டிகள் வந்து நிற்கும் இடம் அது. "எங்க தெருவ விட நல்லா இருக்குதுங்க," என்று நெசவுக்காரர் சந்தோஷப்பட்டார். அவர் மனைவி விடியும்போதே கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, வடிகட்டி, நல்லெண்ணெய் விட்டுக் கலக்கினார். வாசனைக்கு எனக்கே பசித்தது.

வெயில் ஏறுவதற்குள் என் சிவப்பு நூல் முழுவதும் கஞ்சியில் நனைந்து நீண்டு நின்றது. நெசவுக்காரரும் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் நின்று சீவிக்கொண்டே போனார்கள். மாதக்கணக்கில் என் விரலில் ஓடிய நூல் ஒரே இடத்தில் விரிந்து கிடப்பதை அன்றுதான் பார்த்தேன். அழகாக இருந்தது. அதை நானே நூற்றேன் என்பதில் எனக்குக் கர்வமாகவும் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கி மாடுகளை அவிழ்த்து, பக்கத்திலிருந்த வேல மரத்தில் கட்டினார். மாப்பிள்ளையின் அம்மா வெற்றிலைத் தட்டோடு வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். பாவையும் அப்படியே பார்த்தார். மூங்கில் காலுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்து, நெசவுக்காரர் மனைவிக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தார். எல்லாம் முறையாக நடந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

அப்பா தகரக் குழலை வாங்கிக்கொண்டார். "தாய்மார்களே, பெரியோர்களே, இதோ நீங்கள் பார்ப்பது என் அருமை மகளின் கூறைப் பாவு," என்று தொடங்கினார். சலங்கைக் கடைக்காரர்கூட விற்பனையை நிறுத்திவிட்டார். கல்யாணம் என்றதும் பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். மகள் தன் கையால் நூற்றது, மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டது, அந்நியத் துணி ஒழிவது என்று அப்பா பேசிக்கொண்டே போனார். நெசவுக்காரரும் மனைவியும்கூட பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு நின்றார்கள். எல்லார் முகமும் அப்பாவைப் பார்த்திருந்தது, எல்லார் முதுகும் பாவைப் பார்த்திருந்தது.

முதலில் கேட்டது மூங்கில் சாயும் சத்தம். திரும்பினால் மாப்பிள்ளை வீட்டு வலத்து மாடு பாவின் நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, ரசித்து நக்கிக்கொண்டிருந்தது. கேழ்வரகுக் கஞ்சியும் நல்லெண்ணெயும் கண்ணெதிரே நீட்டி வைத்தால் எந்த மாடு சும்மா இருக்கும்? நெசவுக்காரர் மனைவி வீலென்று கத்தினார். அந்தக் கத்தலில் மாடு மிரண்டு தலையைத் தூக்கி இழுத்தது. படபடவென்று ஒரு கொத்து நூல் அறுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. மாட்டின் வாயிலிருந்து சிவப்பு நூல் தாடிபோலத் தொங்கியது. நெசவுக்காரர் ஓடி அதைப் பிடித்து, "நூலு, என்ற நூலு!" என்று இழுத்தார். மாப்பிள்ளையின் அப்பா ஓடி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "யோவ், இழுக்காத! நாக்கு அறுந்து போகும், விடுய்யா!" என்று கூச்சல் போட்டார். இவர் இழுக்க, அவர் தடுக்க, மாடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. நெசவுக்காரர் மனைவி மிச்சமிருந்த கஞ்சிச் சட்டியைக் கொண்டுவந்து அதன் மூக்குக்கு எதிரே நீட்டினார். மாடு வாயைத் திறந்தது. நூல் வந்துவிட்டது.

அப்போதுதான் கூட்டத்தில் ஒரு கிழவி, "அறுந்தது கூறைப் பாவுங்களா? அடச் சாமி, இப்படியும் நடக்குமா!" என்றாள். அவள் கெட்டெண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை சந்தை முழுவதும் பரவிவிட்டது. அப்பா குழல் வைத்து ஊருக்கே அறிவித்திருக்காவிட்டால் அது வெறும் சிவப்பு நூலாகப் போயிருக்கும்.

மாப்பிள்ளையின் அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மாடு பூட்டாத வண்டி. நுகத்தடி தரையில் கிடக்க, வண்டி முன்பக்கம் சரிந்து நிற்க, அதில் அவர் சரியாமல் உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் அப்பா வண்டிக்கும் பந்தலுக்குமாக நடந்தார். கடைசியில் செய்தி வந்தது: சேலத்துக்குப் போய்ப் பட்டு எடுக்கலாம், முகூர்த்தம் மாறாது. அதற்குச் சம்மதம் இல்லையென்றால் கொஞ்ச காலம் போகட்டும், பார்த்துக்கொள்ளலாம். கொஞ்ச காலம் போகட்டும் என்றால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம். நம் பக்கத்தில் யாரும் வேண்டாம் என்று நேரடியாகச் சொல்வதில்லை.

அப்பா என்னைத் தறிக்குப் பின்னால் அழைத்துப்போனார். "ஒரு நாள் கூத்து, அம்மிணி. பட்டைக் கட்டிட்டுப் போயிரு," என்றார் மெதுவாக.

"மேடைல சொல்லச் சொன்னது யாருங்கப்பா?"

"மேடை வேற, ஊடு வேற கண்ணு."

அவர் கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் முதுகு ஒடிய ராட்டை சுற்றியபோது வீடு வேறு என்று ஒரு நாளாவது சொன்னாரா? அவரிடம் பேசிப் பயனில்லை என்று நெசவுக்காரரிடம் போனேன். அறுந்ததைச் சேர்க்க முடியுமா என்றேன். முடிச்சுப் போடாமலே இழைக்கு இழை முறுக்கி ஒட்டிவிடலாம், ஒரு பகல் வேலை என்றார். அதன்பின் நான் நேராக வண்டிக்கு நடந்தேன். கல்யாணப் பெண் தனியாகப் போய் மாப்பிள்ளையின் அம்மாவிடம் பேசுவது கேள்விப்படாத காரியம். பந்தலில் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"அத்தைங்க," என்றேன்.

"இன்னும் ஆகல," என்றார் அவர்.

"ஆகறதா இல்லியான்னு கேக்கத்தான் வந்தனுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "உங்கப்பன் அனுப்புனாரா?"

"இல்லைங்க. அவரு பட்டுக்குத் தலையாட்டிட்டாரு. நாந்தான் ஆட்டல."

"பட்டுக் கட்டுனா ஒடம்பு அரிக்குமா உனக்கு?"

"அரிக்காதுங்க. கட்டமாட்டேன்னு சொல்லிப்போட்டனுங்க. அறுந்த நூல நெசவுக்காரரு ஒட்டிக் குடுக்கறேங்கறாரு. அதையே கட்டிக்கறனுங்க."

அவர் வண்டிச் சட்டத்தில் கையை ஊன்றி என் பக்கம் குனிந்தார். "இத பாரு அம்மிணி. எனக்கு உன்ற மேல கோவமில்ல. ஆனா நல்லா ரோசன பண்ணு. இந்தச் சந்தைல பாத்தவங்க எல்லா ஊருக்கும் போவாங்க. நாளைக்கு எங்க ஊட்ல ஒரு கன்னுக்குட்டி செத்தாலும் உன்ற சேலையத்தான் சொல்லுவாங்க. கெணறு வத்துனாலும் சொல்லுவாங்க. பொறக்கற புள்ளைக்குக் காச்சல் வந்தாலும் சொல்லுவாங்க. காலத்துக்கும் சொல்லுவாங்க. தாங்குவியா?"

"தாங்குவனுங்க."

"சொல்றது சுளுவு. ஏன், என்ற வாயே சும்மா இருக்காது. நானே சொன்னாலும் சொல்லுவேன்."

"சொல்லுங்க. தாங்குவேன்."

எனக்கு அப்போது பதினெட்டு வயது. தாங்குவது என்றால் என்னவென்று என்ன தெரியும்? அவர் என்னை இன்னொரு முறை மேலும் கீழும் பார்த்தார். "மாட்டப் பூட்டச் சொல்லு. வெய்யலு ஏறுது," என்றார். அதுதான் சம்மதம் என்பது எனக்கே கொஞ்சம் பொறுத்துத்தான் விளங்கியது.

நான் திரும்பி வந்து ராட்டையில் உட்கார்ந்தேன். அன்று மாலைவரை எங்கள் பந்தலுக்கு வந்த கூட்டம் அதற்கு முன்பும் வந்ததில்லை, பின்பும் வந்ததில்லை. மாடு தின்ற கூறையைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். இழை ஒட்டுவதை நெசவுக்காரரும் மனைவியும் குனிந்த தலை நிமிராமல் செய்ய, சுற்றி நின்று 'உச்'சுக் கொட்டினார்கள். வந்ததுதான் வந்தோம் என்று பஞ்சடிப்பதையும் நூற்பதையும் பார்த்தார்கள். எப்பேர்ப்பட்ட வெற்றி என்று கமிட்டித் தலைவர் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவுக்கு முகம் கொடுக்க முடியவில்லை.

அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் தாலி வாங்கினேன். கனமான சேலை. ஒட்டிய இடம் குறுக்கே தடிப்பாக ஓடியது. அதைக் கொசுவத்துக்குள் மடித்து வைத்தேன். ஆனாலும் எல்லாருடைய கண்ணும் அங்கேதான் போயிற்று.

அத்தை பொய் சொல்கிறவர் அல்ல. சொன்னபடியே சொன்னார். பால் திரிந்தால், "அறுந்த பாவுதான," என்பார். ஏற்றத்தில் தண்ணீர்ச் சால் கழன்று விழுந்தால் சொல்வார். நானும் விடமாட்டேன். "உங்க மாடுதானுங்களே அத்தை," என்பேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு அப்பால் போவார், நான் முணுமுணுத்துக்கொண்டு இப்பால் போவேன். என் வீட்டுக்காரர் நடுவில் அகப்பட்டுக்கொள்ளாமல் தோட்டத்துக்குப் போய்விடுவார். வருஷங்கள் இப்படித்தான் போயின. இதுதான் தாங்குவது என்றால் பரவாயில்லை என்று நினைத்திருந்தேன்.

எங்கள் முதல் பிள்ளை பெண். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகியிருந்தாள். மாரியம்மன் நோன்பு முடிந்த சமயம் காய்ச்சல் கண்டது. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம். போய்ச் சேருவதற்குள் வழியிலேயே போய்விட்டாள்.

காரியம் முடிந்து வீட்டில் உறவுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. யார் முதலில் சொல்லப் போகிறார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்து ஒருத்தி அதற்காகக் காத்திருப்பாளா என்றால், நான் காத்திருந்தேன். மாமனாரின் தங்கை ஒருத்தி மூக்கைச் சிந்திவிட்டு ஆரம்பித்தாள். "அன்னைக்கே கூறைப் பாவு அறுந்துச்சு. அப்பவே நிறுத்தியிருந்தா..."

நான் அத்தையைப் பார்த்தேன். அடுத்து அவர்தான் சொல்வார். மாட்டைப் பற்றிப் பேசும் நிலையில் நான் இல்லை. தாங்குவேன் என்று சொன்னது தப்பு, என்னால் முடியாது, சொல்லாதீர்கள் என்று கும்பிடத்தான் தோன்றியது.

அத்தை எழுந்து நின்றார். "நிறுத்துடி. அந்த மாட்டக் கட்டுனது நானு. கவுத்த நல்லா முடியாம உட்டது நானு. எங்க ஊட்டு மாடு போயி அவ நூலத் தின்னுச்சு. பழி சொல்லோணும்னா என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லு. இவளச் சொல்லாத. இனி எவளும் இந்த ஊட்ல அந்தப் பேச்சப் பேசப்படாது."

மாட்டைக் கட்டியது மாமனார். நான் கண்ணால் பார்த்தவள். அவரும் அப்போது வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அத்தை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவர் மடியில் விழுந்து அழுதேன்.